காற்றுக்கதவைத் திருப்பும் சின்ன மோட்டார்

(தோட்ட இளைஞர் கழகத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நலன்புரி உத்தியோகத்தர் பேச வந்தால் வழக்கமாக என்ன பேசுவார் என்று உங்களுக்கே தெரியும். தண்ணியைக் கொதிக்க வைங்க, பிள்ளையை நிறுத்தாமப் பள்ளிக்கூடம் அனுப்புங்க, சம்பளப் பணத்தைச் சாராயக் கடையில விடாதீங்க. அதெல்லாம் அடுத்த மாசமும் சொல்லத்தான் போறோம். ஆனால் இன்றைக்கு, ஸ்டோருக்குள்ளே இருக்கிற ஒரு சின்ன மோட்டாரைப் பற்றிப் பேசப் போகிறோம். ரெண்டு கையாலும் தூக்கலாம், அவ்வளவுதான் அதன் அளவு. இதைப் போய் ஏன் ஒரு நலன்புரி உத்தியோகத்தர் பேச வேண்டும் என்று கேட்கலாம். இந்தச் சின்ன மோட்டாரால் ஒரு பையனின் வேலை போகப் பார்த்தது. அந்த விசாரணைக்கு நாங்கள் போய் உட்கார்ந்தோம். அன்றைக்குத்தான் இதைப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

நாங்கள் இஞ்சினியர் இல்லை. சாதாரண தரம் வரைக்கும் படித்தவர்கள். ஸ்டோரிலே முப்பது வருசம் வேலை செய்து ஓய்வு பெற்ற எலெக்ட்ரீசியன் அண்ணன் ஒருவரிடம் பல ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டோம். இன்றைக்குப் பேசப் போவதையும் அவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறோம். ரெண்டு இடத்தில் திருத்தினார்.

முதலில் அந்த மோட்டார் எங்கே இருக்கிறது என்று சொல்லணும். நம் அம்மாமார் மலையிலிருந்து கொண்டு வருகிற பச்சைக் கொழுந்தில் 100 கிலோவுக்கு 75 முதல் 80 கிலோ வரை தண்ணீர்தான். 100 கிலோ கொழுந்து கடைசியில் 21, 22 கிலோ தேயிலைத் தூளாக வெளியே போகிறது. அந்தத் தண்ணீரில் ஒரு பங்கை முதலில் வாட்டும் தொட்டியில் மெதுவாக எடுக்க வேண்டும். நீளமான தொட்டி, மேலே கம்பி வலை, வலைமேல் கொழுந்து, கீழே விசிறி தள்ளுகிற காற்று. ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கு இதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. 12 மணித்தியாலத்திலிருந்து 18 மணித்தியாலம் வரைக்கும் கொழுந்து அதிலே கிடக்கும்.

மழைக்காலத்தில், மலை முழுக்க மூட்டம் போட்டிருக்கும்போது, வெளிக்காற்று ஈரமாக இருக்கும். அதைத் தள்ளினால் கொழுந்து வாடாது. அப்போது அடுப்புப் பக்கமிருந்து சூடான காற்றைக் கொஞ்சம் கலந்து கொடுக்க வேண்டும். ரொம்பக் கொடுத்தாலும் ஆபத்து. வாட்டும் காற்று 35 பாகை செல்சியசுக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான கட்டுப்பாடு. ஈரத் துணி சுற்றிய வெப்பமானிக்கும் சுற்றாத வெப்பமானிக்கும் உள்ள வித்தியாசத்தை 3, 4 பாகையில் வைத்துக்கொள்ளப் பார்ப்பார் டீமேக்கர் ஐயா. சூடான காற்று எவ்வளவு, வெளிக்காற்று எவ்வளவு என்று அளந்து விடுவது குழாயின் வாயிலே இருக்கிற தகட்டுக் கதவு. அதற்குப் பேர் டம்பர். நாங்கள் காற்றுக்கதவு என்று சொல்லுகிறோம். நம்ம லயத்து அடுப்பங்கரையில் புகை போகிற ஓட்டைக்கு ஒரு தகரத்தை வைத்து, காற்றடிக்கும்போது பாதி மூடுவோமே, அதே வேலைதான்.

பல ஸ்டோர்களில் இந்தக் கதவைக் கையாலேதான் திருப்புகிறார்கள். சில இடங்களில் மோட்டார் பூட்டியிருக்கிறது. வெப்பமானி சொல்லும், மோட்டார் கேட்கும், கதவு திரும்பும். இந்த மோட்டாருக்கு அக்சுவேட்டர் என்று பேர். நம்ம ஆட்கள் டம்பர் மோட்டார் என்பார்கள்.

இது புதுச் சாமான் இல்லை. 1885ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் ஆல்பர்ட் பட்ஸ் என்பவர் வீட்டு நிலக்கரி அடுப்புக்கு இப்படி ஒன்றைச் செய்தார். அறை குளிர்ந்தால் ஒரு சின்னப் பொறி ஓடி, சங்கிலியால் அடுப்பின் காற்றுக்கதவைத் திறக்கும். சூடு போதும் என்றால் திரும்பவும் மூடிவிடும். இன்றைக்கு ஹனிவெல் என்று பேர் போட்டு வருகிற கருவிகளின் ஆரம்பம் அதுதான். இன்னொன்றையும் சொல்லாமல் விட மாட்டோம். தேயிலை காய வைக்கும் மெஷின்களில் சிரோக்கோ என்று பேர் போட்டிருப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்த சாமுவேல் டேவிட்சன் 1864இல் பெல்பாஸ்ட் நகரத்திலிருந்து இந்தியாவின் கச்சார் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். கொழுந்து காய வைப்பதில் பட்ட கஷ்டத்தில்தான் மெஷின் செய்யத் தொடங்கினார். 1881இல் பெல்பாஸ்டில் சொந்தத் தொழிற்சாலை வைத்தார். பிறகு அவர் செய்த சிரோக்கோ விசிறி கப்பல், சுரங்கம், பெரிய கட்டடம் என்று உலகம் எல்லாம் போனது. சூடான காற்றைத் தள்ளுகிற அந்த வித்தையில் தேயிலைத் தோட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆகவே ஏ.சி. வேலை, காற்றோட்ட வேலை எல்லாம் கொழும்புக்காரர் வேலை, நமக்கு எட்டாது என்று யாரும் நினைக்கத் தேவையில்லை.

இனி அந்தப் பையனின் கதைக்கு வருவோம். தோட்டத்தின் பேரும் அவன் பேரும் வேண்டாம்.

அவனுக்கு அப்போது 19 வயது. ஸ்டோரில் பிட்டருக்கு உதவியாள். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான், எண்ணெய் போடுவான், ஏணி பிடிப்பான். ஒரு நாள் வாட்டுகிற பக்கம் டம்பர் மோட்டார் செத்துப்போச்சு. கம்பெனியிலிருந்து புது மோட்டார் வந்தது. பிட்டர் லீவு. கொழுந்து வந்து குவிகிறது. “நீதான் பார்த்திருக்கியேடா, மாட்டு” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது என்று விசாரணையில் கடைசி வரைக்கும் வெளியில் வரவில்லை.

பையன் பழைய மோட்டாரைக் கழற்றினான். புதியதை வைத்து இறுக்கினான். பழைய வயரின் நிறத்தைப் பார்த்து அதே நிறத்தில் புதியதைச் சேர்த்தான். சுவிச்சைப் போட்டான். மோட்டார் திரும்பியது. எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். இங்கேதான் கவனிக்க வேணும். மோட்டார் திரும்பினதை எல்லோரும் பார்த்தார்கள். கதவு எங்கே போய் நிற்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

பெட்டியிலிருந்து எடுத்தபோது மோட்டார் தன்னுடைய மூடின நிலையில் இருந்தது. அவன் பூட்டினபோது காற்றுக்கதவு பாதி திறந்து கிடந்தது. ரெண்டையும் அப்படியே சேர்த்து இறுக்கிவிட்டான். ஆகவே மோட்டார் ‘மூடிவிட்டேன்’ என்று நினைக்கிற நேரமெல்லாம் கதவு பாதி திறந்தே இருந்தது. ராத்திரி வெப்பமானி போதும் போதும் என்கிறது, மோட்டாரும் மூடின இடத்தில்தான் நிற்கிறது, சூடான காற்று வந்துகொண்டே இருக்கிறது. விடியற்காலை 3 மணிக்கு யாரோ கையை வைத்துப் பார்த்தபோது அடிக் கொழுந்து மொறுமொறுவென்று காய்ந்து செவந்து போயிருந்தது. ஒரு தொட்டிக் கொழுந்து. அவனுடைய அம்மா அன்றைக்கு எடுத்த கொழுந்தும் அதிலேதான் கிடந்தது.

மறுநாள் காலையில் பெரட்டுக்கு முன்னாலேயே அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

விசாரணையில் நாங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம். “ஐயா, இந்த வேலையை இவனுக்கு யாராவது காட்டிக் கொடுத்தார்களா?” பதில் வரவில்லை. பெட்டிக்குள் வந்த காகிதம் எங்கே என்று கேட்டோம். ஆங்கிலத்தில் இருந்தது, பிரிக்காமலே அலுமாரியில் கிடந்தது. அதைப் பிரித்தால் ரெண்டாவது படத்திலேயே இருக்கிறது, முதலில் கதவை மூடு, அப்புறம் மோட்டாரைப் பூட்டு என்று. படம்தான். ஆங்கிலம் தெரியத் தேவையே இல்லை. பையனைத் திரும்ப எடுத்தார்கள். நிறுத்தி வைத்த நாட்களுக்குப் பேர் கிடைக்கவில்லை. அந்த விசயத்தில் எங்களுக்கு இன்றைக்கும் மனவருத்தம்தான்.

சரி, முறையாக இதை எப்படிச் செய்வது? எலெக்ட்ரீசியன் அண்ணன் சொன்னதை அவர் சொன்ன ஒழுங்கிலேயே சொல்லுகிறோம். பாதிப்பேருக்கு இது தேவைப்படாது. ஆனால் உங்கள் மகனோ மகளோ நாளைக்கு ஏணியில் ஏறும்போது, கீழே நின்று “அதைப் பார்த்தியா?” என்று கேட்கவாவது தெரியட்டும்.

கரண்டை நிறுத்துவது முதல் வேலை. சுவிச்சை அணைத்தால் மட்டும் போதாது. மெயினைக் கீழே இறக்கிப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு இல்லாவிட்டால் பியூசைக் கழற்றிப் பையில் போட வேண்டும். வேலை நடக்கிறது என்று ஒரு அட்டையும் தொங்கவிட வேண்டும். எத்தனையோ பேர் அடிபட்டது, தான் அணைத்த சுவிச்சை இன்னொருத்தர் தெரியாமல் போட்டதால்தான். பிறகு டெஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் கரண்டுள்ள வேறொரு இடத்தில் பார்த்துக்கொள்ளணும். செத்த டெஸ்டர் எல்லா வயரையும் செத்தது என்றுதான் சொல்லும். நம் நாட்டு வீட்டுக் கரண்டு 230 வோல்ட். டம்பர் மோட்டார் பெரும்பாலும் 24 வோல்ட்டில் ஓடும். ஆனால் 230 வோல்ட்டில் நேராக ஓடுகிற மோட்டாரும் உண்டு, பார்த்தால் ரெண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மேலே ஒட்டியிருக்கிற தகட்டை வாசிக்காமல் கையை வைக்கவே கூடாது. 24 வோல்ட் மோட்டாருக்கு 230ஐக் கொடுத்தால் ஒரு நொடியில் புகைதான் வரும்.

அடுத்தது கதவு. மோட்டாரைப் பூட்டுவதற்கு முன்னால் கதவை வெறும் கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். இறுகுகிறதா, எங்கேயாவது உரசுகிறதா? தேயிலைப் பஞ்சும் தூசும் ஈரத்தோடு சேர்ந்து அச்சில் கட்டிப்போயிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் பெரிய மோட்டாரைப் போட்டால் சரியாகும் என்று நினைப்பது, முடம்பட்ட மாட்டுக்குப் பெரிய சாட்டை வாங்குவது மாதிரி. மோட்டாரின் பலத்தை நியூட்டன் மீட்டர் என்று தகட்டில் போட்டிருப்பார்கள். 5 நியூட்டன் மீட்டர் என்றால், அச்சிலிருந்து 10 சென்ரிமீட்டர் நீளமான கையின் நுனியில் ஏறக்குறைய 5 கிலோவைத் தூக்குகிற பலம். நல்லா இலேசாகத் திரும்புகிற கதவில் ஒரு சதுர மீட்டருக்கு அந்தப் பலம் போதும் என்று கணக்கு வைப்பார்கள்.

கதவு உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெளியே தெரிவது அச்சின் நுனி மட்டும்தான். அதனால் அந்த நுனியில் அரத்தால் ஒரு கோடு போட வேண்டும், உள்ளே தகடு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே பக்கம் பார்க்கிற மாதிரி. இந்த ஒரு கோடு இருந்திருந்தால் அன்றைக்கு ராத்திரி யாராவது டார்ச் லைட் அடித்துப் பார்த்து, கதவு பாதியில் நிற்கிறது என்று சொல்லியிருப்பார்கள்.

இப்போது பூட்டுவது. கதவை முழுக்க மூடு. மோட்டாரையும் அதன் மூடின முனைக்குக் கொண்டுவா. புது மோட்டார்களில் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் பல்சக்கரம் விடுபட்டுக் கையால் திருப்பலாம். பொத்தானை அழுத்தாமல் பலத்தால் திருப்பினால் உள்ளே பல் உடையும். மூடின முனைக்கு ஒரு 5 பாகை குறைவாக மோட்டாரை நிறுத்தி, அங்கே அச்சோடு பூட்டணும். அப்படிச் செய்தால் மோட்டார் மூடும்போது கடைசியில் கதவைக் கொஞ்சம் அழுத்தி மூடும், இடுக்கில் காற்றுக் கசியாது. யன்னலைச் சாத்திவிட்டு ஒரு அழுத்து அழுத்திக் கொக்கியைப் போடுகிறோமே, அதுதான். அச்சைப் பிடிக்கிற ரெண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போனால் பிடி கோணலாகி, சில நாளிலே வழுக்கும்.

மோட்டாரின் உடம்பு சுழலாமல் பிடிக்க ஒரு தகட்டுப் பட்டை வரும். அதில் நம்ம பையன்கள் செய்கிற தவறு, அசையவே கூடாது என்று உடம்பை நாலு பக்கமும் இறுக்கிவிடுவது. அச்சு எப்போதும் மயிரளவு கோணலாகத்தான் இருக்கும். உடம்பு கொஞ்சம் ஆடுகிறதுக்கு இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அச்சும் மோட்டாரும் மல்லுக்கட்டும். இது எலெக்ட்ரீசியன் அண்ணன் திருத்தின ரெண்டு இடத்தில் ஒன்று. நாங்களும் இறுக்கமாக என்றுதான் எழுதியிருந்தோம்.

பழைய ஸ்டோர்களில் வேறு வகை இருக்கும். மோட்டார் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம், நடுவில் ஒரு கம்பி, ரெண்டு முனையிலும் ஒவ்வொரு கை. ரெண்டு கையும் ஒரே நீளமாக இருந்து ஒரே கோணத்தில் நின்றால், மோட்டார் எவ்வளவு திரும்புகிறதோ கதவும் அவ்வளவு திரும்பும். கதவுப் பக்கத்துக் கையைக் குட்டையாக்கினால் கதவு கூடத் திரும்பும். கையும் கம்பியும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடக் கூடாது. வந்தால் மோட்டார் எவ்வளவு தள்ளினாலும் கதவு திரும்பாது, கம்பிதான் வளையும். இந்த வகையில் இன்னொரு முக்கியமான விசயம், மோட்டார் தன்னுடைய முனையில் உள்ள சுவிச்சால் நிற்க வேண்டும். கதவு சுவரில் முட்டி மோட்டாரை நிறுத்தக் கூடாது. முட்டி நின்றால் கரண்டு போய்க்கொண்டே இருக்கும், மோட்டார் உறுமும், சுடும், கடைசியில் பல்லோ சுருளோ போகும். முச்சக்கர வண்டி வைத்திருக்கிற தம்பிமாருக்குத் தெரியும், கிளட்ச் கேபிளில் கொஞ்சம் விளையாட்டு விடாமல் இறுக்கினால் என்ன ஆகும் என்று. அதே பாடம்தான்.

வயர் வேலை கடைசியில்தான். டம்பர் மோட்டாரில் மூன்று விதம் இருக்கிறது. ஒன்று, கரண்டு வந்தால் திறக்கும், எடுத்தால் மூடும். இன்னொன்றில் திறக்க ஒரு வயர், மூட ஒரு வயர், ரெண்டிலும் கரண்டு இல்லாவிட்டால் இருந்த இடத்தில் நிற்கும். இதில் ரெண்டு வயருக்கும் ஒரே நேரம் கரண்டு போகிற மாதிரி ஒருநாளும் வைக்கக் கூடாது. மூன்றாவது வகைக்குக் கரண்டோடு ஒரு சின்ன அளவு வோல்ட்டும் தனி வயரில் வரும், 0விலிருந்து 10 வரைக்கும். வோல்ட் கூடக் கூடக் கதவு திறக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. சில மோட்டார்கள் 0விலிருந்து எண்ணும், அதுக்குப் பாதித் திறப்பு 5 வோல்ட். சிலது 2இலிருந்து எண்ணும், அதுக்குப் பாதி 6 வோல்ட். கட்டுப்படுத்துகிற பெட்டி ஒரு கணக்கும் மோட்டார் ஒரு கணக்கும் வைத்திருந்தால், ரெண்டும் நல்லாத்தான் இருக்கும், வேலை மட்டும் சரியாக நடக்காது. மீட்டரை வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

நிறத்தை நம்பாதே. இதைத்தான் அந்தப் பையனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனுக்கு அதிர்ஷ்டம், நிறம் பொருந்திவிட்டது. பழைய கட்டடத்தில் பேஸ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு. புதிய முறையில் பேஸ் பழுப்பு, நியூட்ரல் நீலம். மோட்டார் கம்பெனிக்காரன் தன் மோட்டாரிலிருந்து வருகிற வயருக்குத் தனக்கு இஷ்டமான நிறம் போடுவான், சிலவற்றில் கறுப்புப் பொதுவயர். முன்னால் வேலை செய்தவர் கையில் இருந்த துண்டு வயரைக் கொண்டு ஒட்டுப் போட்டிருப்பார். நிறம் பார்த்துச் சேர்ப்பது, முகத்தைப் பார்த்து மருந்து கொடுக்கிற மாதிரி. இலக்கத்தைப் பார், காகிதத்தைப் பார், மீட்டரை வை. கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு வயரிலும் பிளாஸ்டர் துண்டு ஒட்டி இலக்கம் எழுது. ஒரு கொப்பியில் படம் வரை.

ரெண்டு மூன்று மோட்டாருக்கு ஒரே ட்ரான்ஸ்போமரிலிருந்து 24 வோல்ட் கொடுப்பதாக இருந்தால், ஒன்றின் பொதுவயர் எதிலே போகிறதோ மற்றதின் பொதுவயரும் அதிலேயே போக வேண்டும். மாறினால் ஒன்றுக்கொன்று கரண்டு முட்டி ட்ரான்ஸ்போமரோ பெட்டியோ எரிந்துவிடும். நீளமான மெல்லிய வயரில் வோல்ட் வழியிலேயே குறைந்துபோகும். 24 வோல்ட் மோட்டார்கள் பொதுவாக 19இலிருந்து 28 வரைக்கும் தாங்கும். 19க்குக் கீழே போனால் முனகிக்கொண்டு நிற்கும். மோட்டார் பழுது என்று கழற்றுவதற்கு முன்னால், அது ஓடுகிற நேரத்தில் அதன் வாயிலே வோல்ட்டை அளந்து பார்க்க வேண்டும்.

வயர் மோட்டாருக்குள் போகிற இடத்தில், முதலில் கீழே ஒரு தொங்கல் விட்டு அப்புறம் மேலே ஏறிப் போக வேண்டும். மழைக்காலத்தில் ஸ்டோருக்குள் தகரத்தில் வேர்க்கிற தண்ணி வயர் வழியே ஓடி வரும். தொங்கல் இருந்தால் அங்கேயே சொட்டிப்போகும், மோட்டாருக்குள் போகாது. லயத்து வீட்டுக்கு வெளியிலிருந்து வயர் வருகிற இடத்திலும் இதே மாதிரிப் பாருங்கள். பல வீடுகளில் நேரே உள்ளே போகிறது. பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த வயர் பற்றியும், ட்ரிப் சுவிச்சை நேரே சேர்த்து வைக்கிறது பற்றியும் தனியாக ஒரு நாள் பேசணும். இன்றைக்கு ஒன்று மட்டும். 30 மில்லி அம்பியர் கசிந்தால் விழுகிற அந்த ட்ரிப் சுவிச்சு அடிக்கடி விழுகிறது என்றால் அது பழுதில்லை, எங்கேயோ கரண்டு கசிகிறது என்று சொல்லுகிறது. அதை விலக்கிவிட்டு நேரே சேர்க்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

எல்லாம் முடிந்து கரண்டு கொடுத்த பிறகு அந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது. முழுக்கத் திறக்க விட்டு, முழுக்க மூட விட்டு, கைக்கடிகாரத்தை வைத்துப் பார்க்கணும். 90 பாகை திரும்ப 150 வினாடி என்று தகட்டில் இருந்தால் அந்தக் கணக்குக்கு வருகிறதா? அச்சில் போட்ட கோடு முழுக்கத் திரும்புகிறதா? திறக்க வேண்டிய நேரம் மூடினால் வயரை மாற்றிப் போடப் போகாதே, மோட்டாரிலேயே திசை மாற்றுகிற சின்னச் சுவிச்சு இருக்கும், அதை மாற்று. இப்படிப் பார்க்கிற நேரத்தில் கம்பிக்கும் கைக்கும் இடையில் விரலை வைக்கக் கூடாது. மெதுவாகத் திரும்புவதால் பயம் வராது, அதுதான் மோசம்.

கரண்டு போனால் கதவு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நம்ம மலைநாட்டில் மரம் விழுந்து கரண்டு போவது சாதாரணம். விசிறி நின்றுவிடும், அடுப்பு உடனே ஆறாது. சூட்டுக் கதவு திறந்தபடி நின்றால் கொழுந்துக்கு என்ன ஆகும்? அதற்காகவே சில மோட்டார்களுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, கரண்டு போனால் அதுவே கதவை மூடிவிடும். அந்த வகையைக் கழற்றும்போது ஸ்பிரிங் தானாகச் சுற்றும் என்று நினைவு இருக்கட்டும். ஸ்பிரிங் இல்லாத இடத்தில் யார் ஓடிப் போய் கையால் மூடுவது என்று ராத்திரி வேலைக்காரருக்குள் முன்பே பேசி வைக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இதே மோட்டார் கொழும்பு ஹோட்டலிலும், ஆஸ்பத்திரி சத்திரசிகிச்சை அறையின் காற்றோட்டத்திலும், பெரிய கட்டடங்களின் ஏ.சி.யிலும் இருக்கிறது. வளைகுடா நாடுகளில் நம்ம பிள்ளைகள் துப்புரவு வேலை செய்கிற அதே கட்டடத்தில் வேறு யாரோ இதைத் திருத்திக்கொண்டிருக்கிறான். தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ், மின்சார வேலைக்கும் இருக்கிறது. ஏற்கெனவே வேலையிலேயே பழகியவர்கள் மறுபடி முழுப் படிப்புப் படிக்காமல், தெரிந்ததைச் செய்து காட்டிச் சான்றிதழ் எடுக்கிற வழியும் அதில் உண்டு. பெண் பிள்ளைகளுக்கும் கதவு மூடியில்லை. இந்த வேலைக்குப் பலத்தை விட ஒழுங்கும் பொறுமையும்தான் வேணும். படிவம் நிரப்புவதற்கும், பிறப்புச் சான்றிதழ் கிடைக்காத பிள்ளைகளுக்கு அதை எடுப்பதற்கும் நாங்கள் உதவி செய்வோம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆபிசில் இருப்போம்.

ஸ்டோர் அதிகாரிமாருக்கும் மரியாதையோடு ஒன்று சொல்லுகிறோம். உதவியாள் பையனை ஏணியில் ஏற்றுவதாக இருந்தால், அவனுக்கு ஒருமுறையாவது காட்டிக் கொடுத்துவிட்டு ஏற்றுங்கள். பெட்டிக்குள் வருகிற காகிதத்தை அலுமாரியில் வைக்காமல் சுவரில் ஒட்டுங்கள்.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். விசாரணை முடிந்து ஒரு வருசத்துக்குள் பயிற்சிக்குப் போனான். ஓய்வு பெற்ற அந்த எலெக்ட்ரீசியன் அண்ணன்தான் தன்னுடைய மீட்டரைக் கொடுத்து அனுப்பினார். இப்போது கொழும்பில் ஒரு பெரிய கட்டடத்தில் காற்றோட்ட வேலை பார்க்கிறான். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் அம்மாவைக் கும்பிட்டுவிட்டு நேரே ஸ்டோருக்குப் போயிருக்கிறான். டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு உள்ளே போய், அந்த டம்பர் அச்சின் நுனியில் அரத்தால் ஒரு கோடு போட்டு, வெள்ளைப் பெயின்ட் பூசிவிட்டு வந்தான். நாங்கள் போய்ப் பார்த்தோம். வாசலில் நின்றாலே தெரிகிறது.